துண்டு தாங்கிய இரண்டு கிலோ

ஆறு நாளில் ஆறு கிலோவை உடம்பிலிருந்து பிழிந்து எடுத்தவளிடம் போய், "முகத்துல ஒரு களை வேணும்மா, கொஞ்சம் சிரிங்க" என்று கேட்ட புகைப்படக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றால் ஒரே காரணம்தான். அவளுக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை.

கூண்டுச் சண்டை உலகத்தில் அவள் பெயர் சம்மட்டி. பெயர் வைத்தவர் சேர்மன். 'உலக மாவீரர் பேரவை'யின் நிறுவனர், தலைவர், நிரந்தரச் சிறப்பு விருந்தினர் எல்லாம் அவரே. பேரவையின் போஸ்டர்களில் சண்டை போடுகிறவர்கள் கட்டைவிரல் அளவு இருப்பார்கள். சேர்மன் மார்பளவு இருப்பார். பேரவையைப் பொறுத்தவரை உலகம் என்பது இரண்டு ஊர்களும் அவற்றுக்கு நடுவில் உள்ள சாலையும். அந்தச் சாலையோரத்தில்தான் இந்த ஹோட்டலும் இருந்தது.

குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளி மேலே ஏறி உட்காரலாம், கழுத்தை நெரிக்கலாம். கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. இந்தத் தொழிலில் பதினோரு வருடம், இருபத்துமூன்று சண்டை, பதினான்கு வெற்றி. முதல் சண்டை ஒரு கார் விற்பனைக் கடைத் திறப்பு விழாவில், ரிப்பன் வெட்டுவதற்கும் குலுக்கலுக்கும் நடுவே நடந்தது. அதில் மூக்கு உடைந்தது. இரண்டாவது முறை மூக்கு உடைந்தபோது அது பழைய இடத்துக்கே திரும்பி வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இடது காது மட்டும் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி சுருண்டது சுருண்டதுதான்.

பேரவையின் சாம்பியன் பெல்ட் மட்டும் இடுப்புக்கு வரவில்லை. மூன்று முறை அவளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். ஒரு முறை எதிராளி கர்ப்பமானாள். ஒரு முறை போட்டியே ரத்தானது. ஒரு முறை, கைப்பேசியில் அவளைவிட ஆறு மடங்கு ரசிகர்கள் உள்ளவளுக்கு வாய்ப்பு போனது. மூன்று முறையும் "விடும்மா, பெருந்தன்மையா இரு" என்றார் சேர்மன். அவளும் இருந்தாள். இப்போது வயது முப்பத்துநான்கு. பெல்ட் யார் இடுப்பிலும் இல்லாமல் காலியாகக் கிடந்தது. நாளை சாயங்காலம் சண்டை. ஜெயித்தால் பெல்ட். தோற்றாலும் சரி, சரியாகத் தோற்க வேண்டும். அவள் கேட்டதே அவ்வளவுதான்.

எதிராளிக்கு மின்னல் என்று பெயர். ஒன்பது சண்டை, ஒன்பது வெற்றி. அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் கடைசி நேரத்தில் பிடித்து வந்த மாற்று ஆட்கள். ஒருத்தி, தான் வந்தது நடனப் போட்டிக்கு என்று கூண்டுக் கதவைச் சாத்தும் வரை நினைத்துக்கொண்டிருந்தாளாம். பேரவை அதையும் 'நாற்பது விநாடியில் நொறுக்கினார்' என்று எழுதியது.

இன்று காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் இருவரும் எடை காட்ட வேண்டும். ஐம்பத்திரண்டு கிலோ. ஒரு கிராம் கூடினாலும் கூடினதுதான். எடை கூடியவளுக்கு ஒரு மணி நேரம் தருவார்கள். அதற்குள் குறைக்கவில்லை என்றால் பெல்ட்டுக்குத் தகுதி போய்விடும். விதிப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. தங்க எழுத்தில் அட்டை போட்ட புத்தகம் அது. யாரும் பிரித்துப் பார்த்த அடையாளம் இல்லை.

எடை பார்க்கும் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. கனத்த கம்பளம், அதன் மேல் எடை மெஷின், மெஷினிலிருந்து ஒரு வயர் போய் மேசை மேல் இருந்த எண் பெட்டியில் முடிந்தது. மேசைக்குப் பின்னால் எடை அதிகாரி. கழுத்தில் டையும் விசிலும் சேர்த்து மாட்டியிருந்தார். எதற்கு விசில் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஓரத்தில் பேரவையின் பெண் டாக்டர், ரத்த அழுத்தக் கருவியோடு.

சம்மட்டியுடன் வந்தது அவள் அக்கா. கோச்சுக்குக் கையில் இன்னும் நாலு பேர் இருந்ததால் அவர் சண்டைக்கு மட்டும்தான் வருவார். அக்காவுக்குப் பார்சல் அலுவலகத்தில் வேலை. பத்தொன்பது வருடமாக எடைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஆளைப் பார்த்தாலே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். தன்னுடையதை மட்டும் சொல்ல மாட்டாள்.

உள்ளே வந்ததும் அக்கா மெஷினைக் காலால் ஒரு தட்டு தட்டினாள். "கம்பளத்து மேல வெச்சா எடை சரியா காட்டாது சார். கீழ ஒரு பலகை போடுங்க."

"இது டிஜிட்டல் மெஷின்மா" என்றார் அதிகாரி.

"டிஜிட்டல்னா அந்தரத்துலயா நிக்குது? பலகையப் போடுங்க சார்."

பலகை வந்தது. ஒன்பது இருபதுக்கு சம்மட்டி ஏறினாள். எண் பெட்டியில் கண் வைத்திருந்த அதிகாரியைத் தவிர ஆண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். முன்னால் அக்காவும் ஹோட்டல் ஊழியப் பெண் ஒருத்தியும் ஒரு பெரிய துண்டைத் திரையாகப் பிடித்தார்கள். பெண்கள் எடை காட்டும்போது துண்டு பிடிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். உள்ளாடைகூடச் சில நாள் எதிரியாகிவிடும். சம்மட்டி இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு மூச்சை விட்டாள்.

"ஐம்பத்தொன்று புள்ளி ஒன்பது" என்றார் அதிகாரி.

இறங்கினாளோ இல்லையோ, அக்கா கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். முப்பது மணி நேரமாகத் தண்ணீர் படாத நாக்கு. உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் அறுநூறு மில்லி, இரண்டே மடக்கு.

"மெதுவாடி! மாடு தோத்துடும் உன்கிட்ட."

"மாட்டையும் ஐம்பத்திரண்டுக்கு வரச் சொல்லு, அப்பறம் பேசலாம்."

பத்து மணிக்கு மின்னல் வந்தாள். கூட ஏழு பேர். ஒருவர் முடிக்கு, ஒருவர் முகத்துக்கு, ஒருவர் பைக்கு, ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்க, இன்னொருவர் படம் பிடிப்பவரைப் படம் பிடிக்க. துண்டு பிடிக்க மட்டும் இரண்டு திடமான பெண்கள். பின்னால் சேர்மன், வெள்ளைக் கோட்டு, வெள்ளை ஷூ, வெள்ளைச் சிரிப்பு.

"வணக்கம் அக்கா" என்றாள் மின்னல், சம்மட்டியைப் பார்த்து. "ரொம்ப வாடிட்டீங்க. வயசாக ஆக எடை குறையறது கஷ்டம்ல?"

"ஏறி நில்லும்மா முதல்ல" என்றாள் அக்கா.

ஆண்கள் சுவரைப் பார்த்தார்கள். துண்டு விரிந்தது. எண் பெட்டியில் ஐம்பத்துமூன்று புள்ளி எட்டு என்று வந்தது. பிறகு அந்த எண்ணுக்கு ஏதோ நல்ல புத்தி வந்த மாதிரி தானே இறங்க ஆரம்பித்தது. ஐம்பத்துமூன்று புள்ளி ஒன்று. ஐம்பத்திரண்டு புள்ளி நாலு. ஐம்பத்திரண்டு.

"ஐம்பத்திரண்டு!" என்று அதிகாரி முழங்கினார். ஏழு பேரும் கைதட்டினார்கள்.

"நில்லு, இறங்காத!" என்றாள் அக்கா. மின்னல் அதற்குள் இறங்கிவிட்டாள். "சார், துண்டு பிடிச்ச ரெண்டு பேரு தோளும் தொங்குனதப் பாத்தீங்களா? அந்தப் பொண்ணு துண்டு விளிம்ப ரெண்டு கையாலயும் கீழ அமுக்குது. இவங்க ரெண்டு பேரும் பல்லக் கடிச்சிட்டுத் தாங்குறாங்க. அது உடம்பு பாதி மெஷின்ல, மீதி துண்டுல."

"என்னம்மா கதை இது?"

"கதையா? பார்சல் கொண்டு வர்ற ஆளு மூட்டை ஓரத்துல ஒரு விரல வெச்சுத் தூக்குவான் சார். கேட்டா மூட்டை சாயாம பிடிச்சேன்பான். பத்தொன்பது வருஷமா அந்த விரலத்தான் பாக்குறேன்."

சம்மட்டிக்கு முதலில் கோபம் வரவில்லை. தலை சுற்றியது. பிறகு, மூன்று முறை குடித்து விழுங்கிய 'பெருந்தன்மை' முழுவதும் வயிற்றிலிருந்து மேலே ஏறி வந்தது. ஆறு நாளாக அவள் பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடினாள். கொதிக்கிற தொட்டியில் கிடந்தாள். எச்சிலைக்கூடப் பாட்டிலில் துப்பி அளந்தாள். எதிரே ஒருத்தி இரண்டு கிலோவை ஒரு துண்டில் இறக்கி வைத்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மறுபடி ஏறச் சொல்லுங்க" என்றாள். "துண்டு இல்லாம."

சேர்மன் நெஞ்சில் கை வைத்தார். "என்னம்மா பேசுற? ஒரு பொண்ணைத் துண்டு இல்லாம நிக்கச் சொல்றதா? பேரவைக்குன்னு ஒரு பண்பாடு இருக்கு. பெண்மைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் நாளைய சண்டையின் போஸ்டர் ஒட்டியிருந்தது. பேரவையின் பண்பாடு அந்தப் போஸ்டருக்காகச் செலவிட்ட துணி, இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரு கைக்குட்டைக்குக் காணாது.

"ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போங்க" என்று டாக்டர் முதல்முறையாக வாய் திறந்தார். "நான் பாத்துப் படிக்கிறேன். எங்களுக்குள்ள எதுக்குத் துண்டு?"

அதிகாரி வேறு வழியில்லாமல் தங்க அட்டைப் புத்தகத்தைத் திறந்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. விரலை எச்சில் பண்ணிப் பண்ணிப் புரட்டியவர் ஒரு இடத்தில் நின்றார். அவர் முகம் மலர்ந்தது.

"விதி பதினேழு. மறு எடை கோரும் பட்சத்தில், புகார் அளித்தவரும் மீண்டும் எடை காட்ட வேண்டும். தவறினால் தகுதி இழப்பார்."

எல்லோர் கண்ணும் தரையில் கிடந்த காலிப் பாட்டிலுக்குப் போனது.

"அச்சச்சோ" என்றாள் மின்னல். "குடிச்சிட்டீங்களா அக்கா?"

சேர்மன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "விடும்மா. பெருந்தன்மையா இரு. நாளைக்குக் கூண்டுல பாத்துக்கலாம்."

அந்த வார்த்தையை அவர் நாலாவது முறை சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் விட்டிருப்பாள்.

"மணி என்ன?"

"பத்து பத்து" என்றார் அதிகாரி.

"பதினொன்னுக்கு வர்றேன். இவ இந்த ரூமை விட்டுப் போகக் கூடாது. டாக்டரம்மா, நீங்கதான் பாத்துக்கணும்."

அறைக்கு ஓடினார்கள், ஓடியது அக்கா, சம்மட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தொட்டியில் சுடுதண்ணீர், அதில் இரண்டு பொட்டலம் உப்பு. கழுத்து வரை உள்ளே போனாள். ஏற்கெனவே காய்ந்து சருகாகிவிட்ட உடம்பு, இப்போதுதான் ஒரு வாய் தண்ணீரைக் கண்டது. அதையும் திருப்பிக் கொடு என்றால் எந்த உடம்பு கொடுக்கும்? முதல் பத்து நிமிடம் ஒரு சொட்டு வேர்வை இல்லை. நெஞ்சு மட்டும் சாத்திய கதவைத் தட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டது.

"என் வாயி சும்மா இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா, மக்கில் தண்ணீரை மொண்டு தங்கையின் தோளில் ஊற்றிக்கொண்டே. "எனக்கு எதுக்கு ஊரு நியாயம்?"

"நிறுத்தாத. பேசு. தூக்கம் வருது."

"தூங்குன, அறைஞ்சிடுவேன். சரி, கேளு. அந்த ஆளு கழுத்துல விசில் எதுக்குடி?"

"ரயில் விட."

"சேர்மன் ஷூவப் பாத்தியா? பாலுல கழுவியிருப்பான் போல."

"அக்கா, சிரிக்க வைக்காத. வயிறு இழுக்குது."

சிரிப்பு பாதியில் அழுகையாகப் பார்த்தது. அழ அவள் மறுக்கவில்லை. அதுவும் கொஞ்சம் எடை குறைக்குமே என்றுதான் இருந்தாள். ஆனால் கண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியபோது மணி பத்து இருபத்தைந்து. தொட்டியிலிருந்து எடுத்து மூன்று போர்வையில் சுற்றி உட்கார வைத்தாள் அக்கா. மறுபடி தொட்டி. மறுபடி போர்வை. கால் ஆடுசதை கல்லாக இறுகியது. அக்கா அதைக் கையால் பிசைந்துகொண்டே மின்னலின் வம்சத்தில் ஏழு தலைமுறையை விசாரித்து முடித்தாள்.

பத்து ஐம்பத்தைந்துக்கு அக்காவின் தோளில் தொங்கியபடி திரும்பி வந்தாள். ஆண்கள் வெளியே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. எண் பெட்டியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார் டாக்டர். சம்மட்டி ஏறினாள். கையை எங்கும் படாமல் தூக்கினாள். எண் ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்றில் நின்று நடுங்கியது. அவள் மூச்சு முழுவதையும் வெளியே விட்டாள். அதில் எடை குறையாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் விட்டாள். எண் ஐம்பத்திரண்டில் வந்து உட்கார்ந்தது.

"ஐம்பத்திரண்டு" என்றார் டாக்டர், கதவுக்கு வெளியே கேட்கும்படி. பிறகு மெதுவாக, "இதுக்கு மேல ஒரு சொட்டுகூட எடுக்காதம்மா" என்றார்.

மின்னல் ஏறினாள். பிடிக்கத் துண்டில்லாமல் அவள் கைகள் காற்றில் அலைந்து, கடைசியில் இடுப்பில் வந்து நின்றன.

"ஐம்பத்துமூன்று புள்ளி எட்டு."

கதவைத் திறந்தபோது சேர்மன் யோசித்து முடித்திருந்தார். பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்கள்தான். ஒரு தவறைத் திருத்தச் சொன்னால் ஒரு வரலாற்றையே படைத்துவிடுவார்கள்.

"நண்பர்களே" என்றார், நின்றிருந்த பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்து. "பேரவையின் வரலாற்றிலேயே முதல்முறையாக, ஐம்பத்துநாலு கிலோ பிரிவை இன்று தொடங்கி வைப்பதில் பெருமைப்படுகிறேன். இரண்டு வீராங்கனைகளும் தகுதி பெற்றுவிட்டார்கள்!"

ஏழு பேரும் கைதட்டினார்கள். அதிகாரி எங்கிருந்தோ ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினார்.

"அவளுக்கு ஒரு மணி நேரம் இருக்கு" என்றாள் சம்மட்டி. குரல் உலர்ந்து கரகரத்தது. "என் ரூம்ல தொட்டி காலியாத்தான் இருக்கு. உப்பும் எங்க கணக்குல. போய் உக்காரச் சொல்லுங்க."

மின்னல் சேர்மனைப் பார்த்தாள். "சார், நான் அதெல்லாம் பண்ணதே இல்ல. ஸ்கின் போயிடும்."

ஒன்பது வெற்றியும் எப்படி வந்தன என்பது அந்த ஒரு வார்த்தையில் அறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"கையெழுத்துப் போடும்மா" என்றார் சேர்மன். வெள்ளைச் சிரிப்பு இப்போது இல்லை. "போடலைன்னா இனிமே உனக்கு எந்த மேடையும் கிடையாது. இந்த வயசுல உன்னை யாரு கூப்பிடுவா?"

அவள் பேனாவை வாங்கினாள். படிவத்தில் இருந்த ஐம்பத்துநாலை அடித்தாள். பக்கத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்குச் சண்டை போட நான் ரெடி. இந்த எடைக்கு வரச் சொல்லுங்க."

சேர்மன் படிவத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். "மருத்துவக் காரணங்களால் விலகல்னு போடு" என்றார் அதிகாரியிடம்.

"நான் அப்படி எழுதித் தரலையே" என்றார் டாக்டர்.

"நீங்க எழுத வேண்டாம் மேடம். நாங்களே சொல்லிக்குவோம்."

சாயங்காலம் நாலு மணி. இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு தூக்கமும் உள்ளே போனபின் சம்மட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்காவுடன் கீழே இறங்கினாள். தரைத்தள மண்டபத்தில் ரசிகர்களுக்காக எடை விழா நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பாளரின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"...மருத்துவக் காரணங்களால் சம்மட்டி விலகிக்கொண்டார். பயம் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்!"

மண்டபம் சிரித்தது. சம்மட்டி நின்றாள். வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த கால் திரும்பியது.

"எங்கடி போற? பஸ் அந்தப் பக்கம்."

அவள் காதில் விழவில்லை. கதவில் நின்ற காவலாளி போஸ்டரில் பார்த்த முகம் என்று சல்யூட் அடித்து உள்ளே விட்டார்.

மேடையில் தங்க வண்ணம் அடித்த ஓர் எடை மெஷின், அதற்கு மேலே ஆள் உயரத்துக்கு ஒளிரும் எண் பலகை. மின்னல் அதன் மேல் ஏறிக் கையை மடக்கிக் காட்டினாள். பலகை ஐம்பத்திரண்டு என்று ஒளிர்ந்தது. கைதட்டல், புகை, இசை. அவள் இறங்கிப் பெல்ட்டின் பக்கத்தில் போய் நின்றதும், பக்கப் படி வழியாக ஏறிய சம்மட்டி பையோடு அந்த மெஷினில் போய் நின்றாள்.

பலகை ஐம்பத்திரண்டு என்றது.

அறிவிப்பாளருக்கு எண்ணைப் பார்த்தால் வாய் நிற்காது. "ஐம்பத்திரண்டு கிலோ!" என்று முழங்கிவிட்டு, யார் என்று அப்புறம்தான் பார்த்தார்.

"அக்கா, மேல வா."

"நானா? எனக்கு எதுக்குடி இந்தக் கூத்து?"

"வான்னா வா."

அக்கா வந்தாள். ஏறினாள். அவள் எடை குடும்ப ரகசியம். எப்படிப் பார்த்தாலும் தங்கையைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாது. இருவரும் ஒரு பையும் மெஷினில் நின்றார்கள். பலகை அசையவில்லை. ஐம்பத்திரண்டு.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அது பின்வரிசைக்குப் பரவியது. "சேர்மனையும் ஏத்துங்க!" என்று யாரோ கத்தினார்கள். "ஏத்து! ஏத்து!" என்று மண்டபமே கத்தியது.

சம்மட்டி அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பறித்தாள். "காலைல இவ எடை ஐம்பத்துமூன்று புள்ளி எட்டு. டாக்டர் படிச்சாங்க. என் எடை ஐம்பத்திரண்டு, ரெண்டு தடவை. நான் பயந்து ஓடல. அந்த நம்பரைப் போடுங்க. போட்டா இறங்கறேன்."

சேர்மன் காவலாளிகளைப் பார்த்தார். நாலு பேர் வந்தார்கள். வந்தவர்கள் மேடை ஓரத்தில் நின்று, யார் முதலில் போவது என்று ஒருவருக்கொருவர் மரியாதை செலுத்திக்கொண்டார்கள். இருபத்துமூன்று சண்டை என்பது சும்மா இல்லை.

மேடைக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் எண் பலகையை இயக்குகிற லைட்காரர் உட்கார்ந்திருந்தார். காலையில் ஐம்பத்திரண்டு என்று தட்டி வைத்தது அவர்தான், அதற்கப்புறம் தொடவில்லை. அவர் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் கண்ணாலேயே கொன்றுவிடுவதுபோல் பார்த்தார். லைட்காரர் மெஷின்மேல் நின்றவளைப் பார்த்தார். அவள் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. "போடு! போடு!" என்று கூட்டம் நாற்காலியைத் தட்டியது. ஐந்து மணிக்கு அவருக்கு வேறு இடத்தில் வேலை.

ஐம்பத்துமூன்று புள்ளி எட்டு.

பெல்ட்டின் பக்கத்தில் நின்ற மின்னல் பலகையில் மாறிய அந்த எண்ணைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். எதிரே கூட்டம் ஏன் ஊளையிடுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கைப்பேசிகள் நூற்றுக்கணக்கில் உயர்ந்தன.

சம்மட்டி மைக்கை அறிவிப்பாளர் கையில் திணித்தாள். அவர் முகத்துக்கு எதிரே ஒரு நொடி நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அடிக்கவில்லை. அடிக்காததில் கை எரிந்தது.

"இறங்கலாமா?" என்றாள் அக்கா. "எல்லாரும் என்னையே பாக்குறாங்கடி."

இறங்கினார்கள். சேர்மனைக் கடந்துதான் படிக்குப் போக வேண்டும். அவர் பற்களுக்கிடையில், "உன் கதை முடிஞ்சுதும்மா" என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் ரெடியாத்தான் இருப்பேன்" என்றாள் அவள். "அவளை வரச் சொல்லுங்க. இல்ல, நீங்க வாங்க."

சேர்மன் வெள்ளை ஷூவோடு ஓர் அடி பின்னால் போனார். மேடை விளிம்பு அங்கேயே முடிந்துவிட்டது என்பதை மாலை மூன்று நாற்பதிலிருந்து நின்றுகொண்டிருந்தும் அவர் கவனித்திருக்கவில்லை.